மிச்சம் பிடித்த காசைக் கடனுக்குக் கட்டப் போனால் பாங்குக்கு ஏன் வலிக்குது?

வீட்டுக்கடன் எடுக்கப் போகும்போது கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி குடுத்து, "சேர்", "மிஸ்" என்று குழைகிற அதே பிராஞ்ச்தான். அந்தக் கடனில் ஐந்து இலட்சத்தை முன்கூட்டிக் கட்டுகிறோம் என்று போய் நின்றால் மட்டும் முகம் மாறிவிடுகிறது. அதற்கு ஃபோம் இல்லையாம். லோன் ஒஃபிசர் லீவாம். ஹெட் ஒஃபிஸ் அப்ரூவல் வர வேணுமாம். காசு கேட்டா வந்து நிற்கிறோம்? குடுக்கத்தானே ஐயா வந்து நிற்கிறோம்!

கொழும்புப் பக்கம் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடியில் ஒரு வீட்டை வாங்கிவிட்டு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கடனை அடைக்கிற சனம் எவ்வளவு. அவர்கள் ஓட்டோவை விட்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிச் சேர்த்த காசு கடைசியில் எந்தப் பெட்டிக்குள் விழுகிறது என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்? பார்க்காத வரைக்கும் பாங்குக்குக் கொண்டாட்டம்.

கணக்கையே பார்ப்போம். 80 இலட்சம் கடன், 15 வருடம், குறைந்துசெல்லும் மீதியில் 12 சதவீத வட்டி. மாதத் தவணை ஏறத்தாழ 96,013 ரூபா. முதல் மாதத் தவணையில் 80,000 ரூபாவை வட்டி விழுங்கிவிடும். கடனின் முதலில், அதாவது எடுத்த அசல் தொகையில், கழிவது வெறும் 16,013. முதல் வருடம் முழுக்கப் பதினொன்றரை இலட்சம் கட்டிவிட்டு ஸ்டேட்மன்டைத் திறந்தால் முதல் குறைந்திருப்பது இரண்டு இலட்சத்துச் சொச்சம். 15 வருடமும் ஒரு நாள் பிந்தாமல் கட்டினால் மொத்தம் 1 கோடியே 72 இலட்சத்துக்கு மேல். அதில் 92 இலட்சத்துக்கு மேல் வட்டி. எடுத்த கடனைவிட வட்டி கூட.

இப்போது ஒரு வருடம் கட்டிய பிறகு ஐந்து இலட்சத்தை மேலதிகமாகப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். அதே ஐந்து இலட்சத்துக்கு மூன்று விதமான விதி இருக்கிறது.

தவணைத் தொகையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்தால், மிச்சமிருந்த 168 தவணை ஏறத்தாழ 144 ஆகிவிடும். இரண்டு வருடத் தவணை மிச்சம். போட்ட ஐந்து இலட்சத்தைக் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுவது 18 இலட்சத்துக்கு மேல். காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்தால், மாதம் 96,013 என்பது 89,856 ஆகும். மாதம் ஆறாயிரம் குறைகிறதே என்று மனம் குளிரும். ஆனால் முடிவில் மிஞ்சுவது ஐந்தரை இலட்சம்கூட இல்லை. இந்த இரண்டையும் ஒரு பிராஞ்ச்சிலாவது ஒரு தாளில் எழுதிக் காட்டுகிறார்களா? கிடையாது. "தவணை குறையும் சேர், நல்லதுதானே" என்பார்கள். யாருக்கு நல்லது?

மூன்றாவது விதிதான் வயிற்றெரிச்சல். நீங்கள் எதுவும் எழுதிக் குடுக்காமல் கவுன்டரில் கடன் இலக்கத்தைச் சொல்லிக் காசைக் கட்டிவிட்டு வந்தால், அது கடனின் முதலில் கழிபடாமல் வருங்காலத் தவணைகளுக்கான முற்பணமாகக் கிடந்துவிடலாம். அடுத்த மாதம் சேமிப்புக் கணக்கில் தவணை வெட்டுப்படவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள், அதுதான் அடையாளம். ஐந்து மாதத் தவணை அந்தக் காசிலிருந்தே போகும், பிறகு பழையபடி தொடங்கும். வட்டியில் ஐந்து சதக் காசும் குறையாது. அந்த ஐந்து மாதமும் பாங்க் உங்கள் காசைச் சும்மா வைத்திருந்துவிட்டு, உங்களிடமே முழு முதலுக்கும் வட்டி அறவிடும். கேட்டால், "சிஸ்டத்தில அப்பிடித்தான் வரும் மிஸ்". அந்த சிஸ்டத்தை யார் செய்தது, நாங்களா?

ஆகவே வாயால் சொல்லாதீர்கள். எழுதுங்கள். இரண்டு பிரதி. கடன் இலக்கம், தொகை, கட்டும் திகதி. பிறகு இந்த மூன்று வசனமும் இருக்க வேண்டும்: இத்தொகை முழுவதும் கடனின் முதலில் கழிக்கப்பட வேண்டும், மாதத் தவணையை மாற்றாமல் மீளச் செலுத்தும் காலத்தைக் குறைக்க வேண்டும், திருத்திய தவணை அட்டவணையை எழுத்தில் தர வேண்டும். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை குத்தப் பஞ்சிப்படுவார்கள், நின்று வாங்குங்கள். அதே கடிதத்தை ஈமெயிலிலும் அனுப்புங்கள். ஒரு கிழமை கழித்துக் கடன் ஸ்டேட்மன்ட் எடுத்து, முதல் மீதி கட்டிய தொகை அளவுக்கே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 5,00,000 கட்டி 4,70,000தான் இறங்கியிருந்தால் மிச்சம் எங்கே போனது என்று அன்றைக்கே கேளுங்கள்.

பெரும்பாலும் அது போவது இப்படித்தான். எந்தக் காசு வந்தாலும் பாங்க் முதன்முதலாகக் கட்டணங்களையும், பிறகு தண்ட வட்டியையும், பிறகு அன்றுவரை சேர்ந்த வட்டியையும் எடுத்துக்கொண்டு, கடைசியில்தான் முதலைத் தொடும். மாத நடுவில் கட்டினால் பதினைந்து நாள் வட்டி அதிலிருந்து போய்விடும். தவணை வெட்டுப்பட்ட மறுநாள் கட்டுங்கள். சேர்ந்த வட்டி அன்றைக்குத்தான் ஆகக் குறைவு. கடனுக்கு வட்டி நாள் மீதியிலா மாத மீதியிலா கணக்கிடப்படுகிறது என்பதையும் கேட்டு வையுங்கள். மாத மீதியென்றால் மாத நடுவில் கட்டுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

முன்கூட்டிக் கட்டுவதற்கான கட்டணம் என்று ஒன்று இருக்கிறதே, அதை நினைத்தாலே கொதிக்கிறது. கடனைத் தராமல் ஏமாற்றுகிறவனுக்கும் தண்டம், நேரத்துக்கு முன்னால் தருகிறவனுக்கும் தண்டம். ஆனாலும் கோபத்தில் கணக்கை விட்டுவிடாதீர்கள். ஐந்து இலட்சத்துக்கு 3 சதவீதம் அறவிட்டாலும் 15,000 ரூபா. மறுபக்கம் மிஞ்சுவது 18 இலட்சம். கட்டிவிட்டு வாருங்கள். எவ்வளவு அறவிடலாம், வருடத்துக்கு எவ்வளவு வரை இலவசம், ஆகக் குறைந்த தொகை என்ன என்பதெல்லாம் நீங்கள் கையெழுத்து வைத்த கடன் வழங்கல் கடிதத்தில் இருக்கும். கவுன்டரில் இருக்கிற பிள்ளை சொல்வதை நம்பாமல் அந்தக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். வேறு பாங்குக்குக் கடனை மாற்றினால் அறவிடும் வீதம் தனியாக எழுதப்பட்டிருக்கும்; பெரும்பாலும் அதுதான் கூட.

மிதக்கும் வட்டிக்காரருக்கு இன்னொரு தலையிடி. வட்டி ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். (பாங்குகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கும் சராசரி வட்டி வீதம்) கூட்டல் இத்தனை என்று இருக்கும். மத்திய வங்கி கிழமைக்குக் கிழமை அந்த வீதத்தை வெளியிடுகிறது, யாரும் பார்க்கலாம். ஏறினால் கடிதம் மின்னல் வேகத்தில் வீட்டுக்கு வரும். இறங்கினால்? நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியபோது என்ன நடந்தது என்று கடன்காரருக்குத்தான் தெரியும். மேலே சொன்ன கடனில், ஒரு வருடம் கட்டிய பிறகு முதல் மீதி 78 இலட்சம் அளவில் நிற்கிறது. வட்டி 12இலிருந்து 15க்கு ஏறினாலே ஒரு மாத வட்டி 97,000ஐத் தாண்டும். தவணையோ 96,013. அதாவது தவணையை ஒழுங்காகக் கட்டினாலும் வட்டியே முழுதாகத் தீராது, முதலில் ஒரு ரூபாவும் கழியாது. பாங்க் தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டிவிட்டால் இது உங்கள் கண்ணுக்கே தெரியாது. 55 வயதில் முடிய வேண்டிய கடன் 60ஐத் தாண்டிப் போய் நிற்கும். வட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்தப்படும், இதற்குக் கீழே இறங்காது என்று ஒரு தளவீதம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீதம் இறங்கிய காலத்தில் ஒரு கடிதம் போடுங்கள், வேறு பாங்க் புதிதாகத் தருகிற வீதத்தையும் அதில் குறிப்பிட்டு. குறைக்க மாட்டோம் என்று எழுத்தில் சொல்லட்டும்.

இவ்வளவும் பாங்கோடு. இனி நம் சனத்திடம் வருவோம்.

கடனை வேகமாக அடைக்கிறேன் என்று சொன்ன மறுநாளே கசவாரம் என்று பட்டம். எச்சில் கையால் காகம் துரத்தாதவர்களாம். சாமத்தியவீட்டுக்குப் போன சாறியையே கல்யாணவீட்டுக்கும் கட்டிப் போனால், "ஏன் பிள்ளை, லோன் இன்னும் முடியேல்லையோ?" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்கிற மாமிமார். ஓம் மாமி, முடியேல்லை. நீங்கள் மாதம் பத்தாயிரம் தந்தால் கெதியில் முடியும்.

பகிடிக்குச் சொல்லவில்லை. அதே 80 இலட்சக் கடனில் முதல் மாதத்திலிருந்தே பத்தாயிரத்தைக் கூடுதலாகக் கடனின் முதலில் போட்டால் 180 மாதம் ஏறத்தாழ 141 மாதமாகக் குறையும். மூன்று வருடத்துக்கு மேல் மிச்சம், வட்டியில் 23 இலட்சம் அளவில் மிச்சம். பத்தாயிரம் என்பது நாளுக்கு 333 ரூபா. மாதாமாதம் சிறு தொகையை முதலில் கழிக்க மாட்டோம் என்று பாங்க் சொன்னால், அந்தக் காசைத் தவணை வெட்டுப்படாத இன்னொரு கணக்கில் சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்சொன்ன கடிதத்தோடு கட்டுங்கள். தவணை போகும் கணக்கிலேயே விட்டால் அது கார்ட்டில் தேய்ந்து போய்விடும்.

அந்தப் பத்தாயிரம் எங்கே இருக்கிறது? ஒருபகுதி கரண்ட் பில்லில். 60 அலகுக்குள் நிற்பவருக்குத் தனி விலை. 61ஐத் தொட்டால் முதல் அலகிலிருந்தே வேறு விலைப்பட்டியல். பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் விலையும் நிலைக் கட்டணமும் ஏறும். மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து ஏங்காமல் இருபதாம் நாள் மீற்றரைப் பாருங்கள். படியைத் தாண்டப் போகிறோமா என்பது அன்றைக்கே தெரியும். ஏ.சி. இரவு முழுக்க ஓடுகிற வீட்டில் பல்ப் மாற்றிப் பிரயோசனமில்லை, ஏ.சி.க்கு டைமர் வையுங்கள். மாநகர சபைக்குக் கட்டும் சோலைவரியை வருடத்துக்கும் சேர்த்து ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 சதவீதக் கழிவு. எஃப்.டி.யில் போட்டாலும் கிடைக்காத இலாபம். கேஸ் சிலிண்டர் மாட்டிய திகதியை அதன் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். வழக்கத்துக்கு முன் முடிந்தால் ரெகியுலேட்டரில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள்.

மொத்தமாக வாங்குவதிலும் கண் வேண்டும். பருப்பு, சீனி, செத்தல் மிளகாய்க்குப் புறக்கோட்டை குறுக்குத் தெருக்கள் சரி. மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு 25 கிலோ அரிசி மூட்டை வேண்டாம். கடற்கரைப் பக்க ஈரத்துக்கு வண்டு விழுந்துவிடும். மரக்கறிச் சந்தை பேலியகொடைக்குப் போன பிறகு இரண்டு கிலோ கத்தரிக்காய்க்காக அங்கே ஓடினால் ஓட்டோக் காசில் எல்லாம் போய்விடும்.

"கடனை ஏன் அடைக்கிறாய், எஃப்.டி.யில் போடு" என்கிற பொருளாதார நிபுணர்களும் இருக்கிறார்கள், தேத்தண்ணிக் கடையில். 8 சதவீத எஃப்.டி.யில் 2025 ஏப்ரலிலிருந்து வட்டிக்கு 10 சதவீத நிறுத்திவைத்தல் வரி போனால் கையில் வருவது 7.2. கடனுக்குக் கட்டுவது 12. இதில் எங்கே இலாபம்? எஃப்.டி. வேண்டியது வேறு காரணத்துக்கு: கடனின் முதலில் கழித்த காசு திரும்பி வராது. வேலை போனால் பாங்க் "நீங்கள் முன்கூட்டிக் கட்டினவர்தானே" என்று ஒரு தவணையும் விடாது. ஆறு தவணைக்கான காசு, இந்தக் கணக்கில் ஏறத்தாழ 5,76,000, ஒதுங்கியிருந்த பிறகுதான் முன்கூட்டிக் கட்டத் தொடங்க வேண்டும். கிரெடிட் கார்ட் மீதி இருந்தால் அதற்கும் முன்னால் அது.

கடைசித் தவணையும் கட்டியாயிற்று என்று கேக் வெட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. இனித்தான் அலைச்சலே. கட்டுவதற்கு முன் எந்தத் திகதிவரை செல்லும் என்று குறிப்பிட்ட தீர்வுத்தொகைக் கடிதம் எடுங்கள், இல்லையென்றால் சில நூறு ரூபா வட்டி மிஞ்சிக் கணக்கு திறந்தே கிடக்கும், பிறகு அது கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கையில் நிலுவையாக வரும். காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவேட்டில் ஈடு எழுதப்பட்டிருக்கிறது. பாங்க் ஈட்டு விடுவிப்பில் கையெழுத்திட்டு, நொத்தாரிசு அதைப் பதிவுசெய்யும் வரை கடன் தீர்ந்தாலும் அந்த ஈட்டுப் பதிவு அங்கேயே இருக்கும். ஒரேயடியாகக் கட்டிய கடன் காப்புறுதிக் கட்டணத்தில் மீதிக் காலத்துக்குத் திரும்பக் கிடைக்கக்கூடியது ஏதும் உண்டா என்று காப்புறுதி ஒப்பந்தத்தைப் பாருங்கள். நீங்களாகக் கேட்காவிட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தீ காப்புறுதியில் பாங்கின் பெயரையும் எடுக்க வேண்டும்.

"உறுதி ஹெட் ஒஃபிஸ் லொக்கரில, ரெண்டு மூண்டு மாதம் போகும்" என்று இழுத்தடித்தால் எழுத்தில் முறைப்பாடு குடுங்கள். பதில் இல்லையென்றால் அந்த முத்திரை குத்திய பிரதியோடு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்குப் போங்கள், தொலைபேசி இலக்கம் 1935. உறுதி கைக்கு வரும் நாளில் மேசையிலேயே வைத்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள்: மூல உறுதி, முந்தைய உறுதிகள், நில அளவை வரைபடம், தொடர்மாடியென்றால் அதன் கூட்டாதன வரைபடப் பிரதி, விடுவித்த ஈட்டு முறி. ஒன்று குறைந்தாலும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைக்காதீர்கள்.