கெத்செமனேயில் இயேசு கலங்கியது பாவனையா?

"இயேசு கடவுள் என்பதால் அவருக்குப் பயமே இல்லை, கெத்செமனேயில் கலங்கியது வெறும் பாவனை, பயப்படுகிறவர் விசுவாசி அல்ல" என்றொரு செய்தி தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. கெத்செமனே என்பது, சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த தோட்டம். அச்செய்தி சொல்வது திருச்சபையின் போதனை அன்று. அங்கே அவர் 'திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்' தொடங்கினார் என்று மாற்கு 14:33 வெளிப்படையாகவே சொல்கிறது. எபிரெயர் 5:7-இல் அவருடைய கண்ணீரும் பதிவாகியுள்ளது. இயேசு முழுமையான கடவுளும் முழுமையான மனிதரும் ஆவார் என்று கி.பி. 451-இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய கல்கெதோன் பொதுச்சங்கம் அறிக்கையிட்டது. 680-81-இல் கூடிய மூன்றாம் கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கமோ, அவருக்கு மனித சித்தமும் (விருப்பமும்) உண்டு, அது தெய்வ சித்தத்தை எதிர்க்காமல் அதற்குக் கீழ்ப்பட்டது என்று தெளிவுபடுத்தியது. கலக்கம் உண்மையாக இருந்ததால்தான் 'என் சித்தத்தின்படியல்ல' என்று அவர் அங்கே பிதாவிடம் ஜெபித்த கீழ்ப்படிதலுக்கும் பொருள் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்து நடுங்கும் ஒருவருக்கு, அவருடைய அச்சமே அவிசுவாசம் என்று சொல்வது பிழை மட்டுமல்ல, கொடுமையும்கூட. மேற்கண்ட வசனங்களை உங்கள் வேதாகமத்திலேயே சரிபார்த்துவிட்டு, அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.