மருந்துச் சீட்டும் வடிவுடையம்மனும்

பால் வாங்கப் போனாலும் கரண்ட் பில் கட்டப் போனாலும், வழியில் யாரைப் பார்த்தேன், யார் என்ன கேட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து ஒருமுறை நினைத்துப் பார்ப்பேன். அதற்குள் ஈசன் வேலை ஏதோ நடந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. "எல்லாம் தற்செயல்தான் அக்கா" என்கிறார்கள் ஆபீஸில் கூட இருக்கிற சின்னப் பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பஸ் உடனே வந்தது, உட்கார இடம் கிடைத்தது, அதனால் கடவுள் என் பக்கம் என்கிற பேச்சு எனக்கும் ஒப்பாது. எனக்கு இடம் கிடைத்தால் இன்னொருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குக் கடவுள் இல்லையா? என் சௌகரியத்தை எல்லாம் அருள் கணக்கில் எழுத மாட்டேன். ஒருவருக்குத் தேவைப்படுகிற நேரத்தில், சம்பந்தமே இல்லாத இன்னொருவர் அங்கே போய் நிற்கிறாரே, அங்கேதான் எனக்கு அவன் தெரிகிறான்.

வடசென்னையில் ஒரு அரசு மருத்துவமனைக்கு மாமியாரின் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். ஜெராக்ஸ் ஒன்று குறைகிறது என்று கவுன்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே போய் எடுத்துக்கொண்டு வந்து மறுபடி வரிசையில் நின்றேன். பக்கத்துச் சுவரோரம் ஒரு பாட்டி, மடியில் மஞ்சப்பை, கையில் ஓ.பி. சீட்டு. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா?" என்றேன். "இதுல என்னா எழுதிக்குதுன்னு பாரும்மா, கண்ணு தெரியல" என்றார். கண் தெரியாமல் இல்லை, படிக்கத் தெரியாது. அதைச் சொல்லக் கூச்சம்.

சீட்டில் காலை-மதியம்-இரவு கணக்கில் ஒரு மாத்திரைக்கு 1-0-0, இன்னொன்றுக்கு 1-0-1. காலையில் மட்டும் என்று இருந்த சர்க்கரை மாத்திரையை மூன்று வேளையும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளை. "அதான் தலை சுத்திக்கினே கீது, வயசாயிடுச்சுன்னு வுட்டுட்டேன்." கையைப் பிடித்து அழைத்துப்போய் மருந்து கொடுப்பவரிடம் சொன்னேன். அவர் பதறிப்போய், அப்போதே டாக்டரிடம் அனுப்பிவைத்தார். திரும்பி வந்த பாட்டிக்கு இரண்டு கவரிலும் பேனாவால் படம் போட்டுக் கொடுத்தேன்: ஒன்றில் சூரியன், மற்றதில் சூரியனும் நிலாவும்.

ஜெராக்ஸ் குறையாமல் இருந்திருந்தால் அரைமணி நேரம் முன்பே நான் பஸ் ஏறியிருப்பேன். இதைத் தற்செயல் என்று சொல்லுங்கள், சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டி என் தலையில் கை வைத்து "அம்மனா பாத்து அனுப்பிச்சா" என்று சொன்னபோது, இல்லை என்று மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னதுதான் நடந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்து மண்ணில் இது புதுசும் இல்லை. 1823-ல் மருதூரில் பிறந்த ராமலிங்க சுவாமி, அதாவது வள்ளலார், வளர்ந்தது சென்னை ஏழுகிணறு வீராசாமி தெருவில். அங்கிருந்து திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வருவார். ஒருநாள் இரவு நேரமாகித் திரும்பியபோது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அண்ணியார் வந்து எழுப்பிச் சோறு போட்டார், சாப்பிட்டுத் தூங்கினார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணியார் மறுபடி வந்து "சாப்பிட வா" என்கிறார். முதலில் வந்தவள் வடிவுடையம்மன். சின்ன வயதிலிருந்து கேட்கிற கதை இது. இதில் என் மனசைப் பிடிப்பது அம்மன் வந்தாள் என்பதுகூட இல்லை, வந்த விதம். சூலமும் கிரீடமுமாக வரவில்லை. தினமும் சோறு போடுகிற அண்ணியாகவே வந்தாள். சாப்பிடும்போது அவருக்கே அடையாளம் தெரியவில்லை! பின்னாளில் அவர் 1867-ல் வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போடத் தருமசாலை திறந்து ஏற்றிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. அந்தத் திண்ணைச் சோற்றுக்கும் இந்த அடுப்புக்கும் உறவு உண்டு என்பது என் எண்ணம்.

கஷ்டமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பொங்கியபோது சைதாப்பேட்டையில் என் சித்தி குடும்பம் மாடியில் மாட்டிக்கொண்டது. மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து ஆட்களை மீட்ட நாட்கள் அவை. சித்தியைத் தூக்கிப் படகில் உட்காரவைத்தவரின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. தெய்வமே வந்தது என்று இன்றும் சொல்வார். சரி, படகு போய்ச் சேராத வீடுகள்? செத்துப்போனவர்களைக் கடவுள் மறந்துவிட்டாரா? இதற்கு என்னிடம் பதில் இல்லை. அது அவன் சித்தம் என்று சொல்லி முடித்துக்கொள்ளவும் மனசு ஒப்பவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த மீனவர் கரையிலேயே இருந்திருக்கலாம். அவரைக் கிளப்பிவிட்டது எதுவோ, அதைத்தான் நான் கும்பிடுகிறேன்.

இந்த நம்பிக்கையால் என் நடைமுறையும் மாறியிருக்கிறது. அவசரத்தில் ஓடும்போது எதிரே வருகிறவரெல்லாம் இடைஞ்சலாகத்தான் தெரிகிறார்கள். அதனால் மருத்துவமனை, பேங்க், ரேஷன் கடை என்று எங்கே போனாலும் கையில் கொஞ்சம் நேரம் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன், பையில் ஒரு பேனாவும் இருக்கும். பேங்கில் ஃபாரம் நிரப்பத் தெரியாதவர் நம் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே தவிர, வாய்விட்டுக் கேட்க மாட்டார். நாமாகத்தான் போய் "எழுதிக் கொடுக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும்.