பழைய விதிக்கோவையும் புதிய சட்டமும்

வன்னியில் இன்று நிலைத்து நிற்கும் நிறுவனங்களில் பல, மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் வெறும் நிலத்திலிருந்து எழுந்தவை. ஏ9 வீதியோரத்து விற்பனை நிலையங்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் வாகனத் திருத்தகங்களுக்கும் அந்த நாட்களில் வங்கிக் கடனுக்காகவோ உதவி நிறுவனங்களின் நிபந்தனைக்காகவோ ஊழியர் விதிக்கோவை ஒன்று தேவைப்பட்டது. கொழும்பில் யாரோ எழுதிய கோவையை வாங்கி, பெயரை மாற்றி, அச்சிட்டு அலுமாரியில் வைத்தார்கள். சிறு நிறுவனங்களின் சம்பளக் கணக்கைப் பார்க்கும் தொழிலில் இருப்பதால் அந்தக் கோவைகளை நான் அடிக்கடி திறக்க நேர்கிறது. நான் பார்த்தவற்றில் பலவற்றுக்கு 2012 அல்லது 2013 ஆம் ஆண்டுக்குப் பின்னர் சட்டம் மாறியதே தெரியாது. அதன் பின்னர் வந்த முக்கியமான திருத்தங்கள் பெரும்பாலும் ஊழியருக்குச் சாதகமானவை என்பதால், கோவையைத் திருத்தாமல் விடுவதன் நட்டம் ஊழியரின் தலையிலேயே விழுகிறது.

ஓய்வு வயதை எடுத்துக்கொள்வோம். பழைய நியமனக் கடிதங்களில் 55 வயதில் சேவை முடிவடையும் என்று இருக்கும். தொழிலாளர்களின் ஆகக்குறைந்த ஓய்வுபெறும் வயதுச் சட்டம் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் அந்த வயதை 60 ஆக்கியது; அப்போது 55 ஐ நெருங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் படிப்படியான வயதெல்லைகளை வைத்தது. கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் சட்டமே மேலோங்கும். இந்த ஐந்து ஆண்டுகளின் பெறுமதி வன்னியில் வேறிடங்களை விடக் கூடியது என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் இங்குள்ள பலருக்கு, நியமனக் கடிதமும் ஊழியர் சேமலாப நிதியும் உள்ள வேலை நாற்பது வயதுக்குப் பின்னர்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய உழைப்புக்கு எந்த ஏட்டிலும் பதிவில்லை. 1971 இல் பிறந்து 2011 இல் வேலைக்குச் சேர்ந்த ஒருவரை 55 வயதில் அனுப்பினால் சேவைக்காலம் 15 ஆண்டுகள். 60 வரை வைத்திருந்தால் 20. சேவை முடியும்போது மொத்தமாகக் கிடைக்கும் பணிக்கொடை ஒவ்வோர் ஆண்டுக்கும் இறுதிச் சம்பளத்தின் அரை மாதத் தொகை என்பதால், 30,000 ரூபாய் சம்பளத்தில் 225,000 ரூபாய்க்கும் 300,000 ரூபாய்க்கும் உள்ள வேறுபாடு அது. ஐந்தாண்டுச் சம்பளமும் சேமலாப நிதியும் இதற்குப் புறம்பானவை.

மகப்பேற்று விடுமுறையிலும் இதே கதைதான். முன்னர் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 84 நாட்களும் மூன்றாவது பிள்ளை முதல் 42 நாட்களும் வழங்கப்பட்டன. 2018 ஆம் ஆண்டுத் திருத்தங்கள் அந்தப் பாகுபாட்டை நீக்கி, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாட்கள் என்று ஆக்கின. மூன்றாவது, நான்காவது பிள்ளை என்பது எங்கள் ஊர்களில் அரிதான செய்தியல்ல. பழைய கோவையை நம்பி ஆறு வாரக் குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் காசுப்பெட்டியின் முன் வந்து அமர்வதை, அறியாமல் நடந்த தவறு என்று என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அந்தத் திருத்தம் வர்த்தமானியில் தமிழிலும் வெளிவந்தது. வேலைக்கு அமர்த்துவதற்கான ஆகக்குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆனதும் பல கோவைகளுக்குள் இன்னும் நுழையவில்லை.

ஆகக்குறைந்த சம்பளம் மாறும் வேகம் தனியானது. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் மாதத்துக்கு 10,000 ரூபாய் என்றது. 2021 இல் அது 12,500, 2024 இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. இப்படி மாறும் தொகையைக் கோவைக்குள் எழுதினால் ஓராண்டில் பழையதாகிவிடும் என்பதால், 'நடைமுறையிலுள்ள சட்டத்துக்கு அமைவாக' என்று மட்டும் எழுதுமாறு சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். எனக்கு அது போதாது என்றே படுகிறது. அந்த வரியை வாசிக்கும் ஊழியருக்குத் தன் உரிமை எவ்வளவு என்று தெரியாது. தெரியாத உரிமையை அவர் கேட்கவும் மாட்டார். கோவையில் பொதுவான வரி இருக்கட்டும். தொகைகளைத் தனித் தாளில் தமிழில் எழுதி, திகதியிட்டு, வருகைப் பதிவேட்டுக்கு அருகில் ஒட்டட்டும். அந்தத் தாளில் 30,000 ரூபாய்க்குச் சேமலாப நிதிக்காக ஊழியரிடம் கழிக்கப்படும் 8 வீதம் 2,400 ரூபாய் என்பதும், அதே நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 வீதம் 3,600 ரூபாய் என்பதும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குரிய 3 வீதம் 900 ரூபாய் என்பதும் இருக்க வேண்டும்.

முதலாளிகளின் சுமையை நான் அறியாதவனல்லன். 2022 இன் நெருக்கடியில் எரிபொருளும் மின்சாரமும் இன்றிக் கதவை மூடாமல் தாக்குப்பிடித்தவர்களை எனக்குத் தெரியும். ஆயினும் 15 பேருக்குக் குறைந்தால் எந்தத் தொழிற்சட்டமும் தங்களைத் தொடாது என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக வேரூன்றியிருப்பது அவர்களுக்கே ஆபத்தானது. அந்த எண்ணிக்கை ஓய்வு வயது, பணிக்கொடை போன்ற சில சட்டங்களுக்கு உரியது. சேமலாப நிதிக்கு ஒரே ஓர் ஊழியர் இருந்தாலே போதும். தவணை தவறினால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் சேரும். அதைச் செலுத்தும் செலவோடு ஒப்பிட்டால் கோவையை ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்கும் செலவு மிகச் சிறியது.

இதற்குப் பெரிய சட்டத்தரணி தேவையில்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒருவரைப் பெயர் குறித்துப் பொறுப்பாக்க வேண்டும். அவர் ஆண்டுதோறும் ஜனவரிச் சம்பளப் பட்டியல் தயாராகும் முன்னர், அரச அச்சகத்தின் இணையத்தளத்தில் முந்திய ஆண்டின் சட்டங்களைத் தமிழில் பார்த்து, மாற்றங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். சட்டங்களின் இறுதிப் பிரிவு, முரண்பாடு எழுந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று சொல்வதால், ஐயம் வருமிடத்தில் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கோவையோடு இணைத்து வைப்பது நல்லது. மாற்றம் வந்த திகதிக்கு முன்னர் நியமனம் பெற்றவர்களுக்கும் திருத்தக் கடிதம் கொடுக்க வேண்டும். இந்தப் படியைத்தான் அநேகமானோர் விட்டுவிடுகிறார்கள்.

2021 நவம்பருக்குப் பின்னர், 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடமொன்றிலிருந்து 55 வயது நிறைந்தது என்று அனுப்பப்பட்டவர்கள் இதை வாசித்தால், நியமனக் கடிதத்தையும் ஓய்வுக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.