பிழைக்கத் தெரியாதவரா ஆலிஸ் சில்ட்ரெஸ்?

சனிக்கிழமை கூட்டத்தில் அமெரிக்க நாடகாசிரியர் ஆலிஸ் சில்ட்ரெஸைப் பற்றி ஒருவர் பேசியதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "கடைசிக் காட்சியைக் கொஞ்சம் மாற்றியிருந்தால் பிராட்வே ஏறிய முதல் கறுப்பினப் பெண் நாடகாசிரியர் ஆகியிருப்பார். பிழைக்கத் தெரியாத அம்மா!" பிராட்வே என்றால் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள். சிலர் கை வேறு தட்டினார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

முடிவை மாற்றச் சொன்ன அவருடைய நாடகம் 'ட்ரபிள் இன் மைண்ட்' எதைப் பற்றியது என்றாவது சொல்லியிருக்கலாம். விலெட்டா என்ற கறுப்பின நடிகை, வெள்ளைக்காரர் எழுதி வெள்ளைக்காரர் இயக்கும் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறாள். அதில் வெறிபிடித்த கும்பல் தேடும் மகனை, அவள் நடிக்கும் தாயே சரணடையச் சொல்லி அனுப்ப வேண்டும். எந்தத் தாய் அனுப்புவாள் என்று விடாமல் கேட்கிறாள், வேலை போனாலும் பரவாயில்லை என்று. இப்படி ஒருத்தியை எழுதிய சில்ட்ரெஸிடமே போய் முடிவை மாற்று என்றார்கள்.

அவர் மாற்றாமலும் இல்லை. 1955-ல் நாடகம் முதலில் மேடையேறிய நியூயார்க்கின் கிரீனிச் மியூஸ் என்ற சிறிய அரங்கில் தயாரிப்பாளர்கள் கேட்டபடி சுபமாக முடித்துக் கொடுத்தார், பிறகு வருந்தினார். பிராட்வே கூப்பிட்டபோதும் அதே கதை. தலைப்பைக்கூட மாற்றினார்கள். திருத்தித் திருத்திக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் 1957-ல் போதும் என்று விலகினார்.

கல்லூரியில் நான் எழுதிய நாடகத்தில் அம்மா வீட்டை விட்டுப் போய்விடுவாள். மேடையேற அரைமணி நேரம் இருக்கும்போது "திரும்பி வர மாதிரி வைம்மா" என்றார்கள். வைத்தேன். நல்ல கைதட்டல். நான் முகத்தில் பூசிய பவுடரைக்கூடத் துடைக்காமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பரிசுக் கோப்பையை இன்றுவரை அலமாரியில் வைக்கவில்லை.

லொரெய்ன் ஹான்ஸ்பெரியைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் வர வேண்டாம். 1959-ல் பிராட்வே ஏறிய முதல் கறுப்பினப் பெண் நாடகாசிரியர் அவர்தான், அது பெரிய விஷயம். இருவருமே கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ராப்சனின் 'ஃப்ரீடம்' பத்திரிகையில் எழுதியவர்கள்தான்.

"யாரும் பார்க்காத நாடகத்தால் என்ன பயன்?" சரி, நியாயமான கேள்வி. அதை ஏன் எப்போதும் எழுதியவளிடமே கேட்கிறீர்கள்? மாற்றச் சொன்னவர்களை ஒருவரும் கேட்டதில்லையே.

பிழைக்கத் தெரியாதவராம். சில்ட்ரெஸ் பள்ளிப் படிப்பை முடிக்காதவர், வீட்டு வேலை வரை செய்து மகளை வளர்த்தவர். அந்த வேலைக்காரப் பெண்களின் கோபத்தை மில்ட்ரெட் என்ற பாத்திரமாக்கிப் பத்திரிகையில் பேச வைத்தவர்.

2021 நவம்பரில், அவர் இறந்து 27 ஆண்டுகள் கழித்து, அந்த நாடகம் பிராட்வே ஏறியது. அவர் விரும்பிய முடிவோடு. சனிக்கிழமை கை தட்டியவர்கள் ஒருமுறை அதைப் படியுங்கள். அப்புறம் வந்து சொல்லுங்கள், விலெட்டா பேசும் எந்த வரியை மாற்றியிருக்கலாம் என்று.