தடித்த நாவலுக்கு வணக்கம், பேய்க்கதைக்கு வாசிப்பு

பேரிலக்கியம் என்று பெயரெடுத்த ஒரு தடித்த நாவலைப் பற்றி நண்பர்கள் எழுதும் பதிவுகளைப் படிக்கும்போதெல்லாம், எழுதியவர் அந்த நாவலைப் பற்றிச் சொல்கிறாரா, அதைப் படித்து முடித்துவிட்ட தன்னைப் பற்றிச் சொல்கிறாரா என்ற சந்தேகம் எனக்கு எழுகிறது. ‘உலுக்கிவிட்டது’, ‘ஒரு வாரம் தூங்கவில்லை’, ‘இனி வேறு எதையும் படிக்க முடியாது’ என்றெல்லாம் வரும். எந்த இடம் உலுக்கியது, எந்த அத்தியாயத்தில் கண் சொருகியது, எந்தப் பாத்திரத்தின் பெயர் மறந்துபோய் முன்பக்கங்களைப் புரட்ட நேர்ந்தது என்பது மட்டும் வராது. அதே நண்பர் ஒரு பேய்க்கதையைப் படித்துவிட்டு வந்தால் பேச்சே வேறாக இருக்கிறது. “பாதியிலேயே தெரிஞ்சுபோச்சு, அந்தச் சித்தப்பாதான் எல்லாத்துக்கும் காரணம்”, “கிணத்தடிக் காட்சி வரைக்கும் பிரமாதம், அப்புறம் இழுத்துட்டார்”, “ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிக்கவே யோசனையா இருந்துச்சு” என்று பக்கவாரியாகக் கணக்குச் சொல்கிறார். சொல்லி முடித்ததும் சற்றுக் கூச்சப்பட்டு, “சும்மா பொழுதுபோக்குக்குப் படிச்சதுண்ணே” என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்கிறார். விமர்சனம் என்று சொல்லத்தக்கது அந்த இரண்டாவது பேச்சுதான் என்பது என் கருத்து. முதலாவது, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது போன்ற ஒரு மரியாதை. உள்ளே போனாரா என்பது அதிலிருந்து தெரியாது.

இதற்கு நான் காட்டக்கூடிய சான்று பழைய புத்தகங்களில் இருக்கிறது. மதுரையில் குடியிருப்புகளுக்கு நடுவே இயங்கிவந்த வாடகை நூலகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, அவற்றின் சரக்கு பழைய புத்தகக் கடைகளுக்கும் எடைக்கும் போனது. முத்திரையும் வரிசை எண்ணும் கொண்ட அந்தப் பிரதிகளை நான் தேடி வாங்குவதுண்டு. கெட்டி அட்டை போட்டுத் தைத்த புத்தகத்தை மூடி வைத்து, அதன் திறக்கும் பக்கத்து ஓரத்தை மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள். தடித்த நாவல்களில் முதல் கால் பகுதி வரை விரல் அழுக்கு பழுப்பாகப் படிந்திருக்கும். அதற்குப் பிறகு மெல்ல வெளுத்து, நடுப்பகுதி அச்சகத்திலிருந்து வந்தது போலவே இருக்கும். கடைசிச் சில பக்கங்களில் மட்டும் மீண்டும் பழுப்பு தட்டும். பாதியில் விட்டவர்கள் முடிவை மட்டும் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் எனக்குத் தோன்றவில்லை. மாத நாவலாக வந்த பேய்க்கதைகளோ முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒரே நிறத்தில் கறுத்து, முனைகள் மழுங்கி, இடையிடையே எண்ணெயும் மஞ்சளும் பட்டு, அடுப்படியிலும் படிக்கப்பட்டதற்கு அடையாளமாக இருக்கின்றன. சின்னப் புத்தகம் அதிகக் கைகளுக்குப் போயிருக்கும், ஆகவே அழுக்கும் அதிகம் என்று வாதிடலாம். ஆனால் தடித்த புத்தகத்தின் நடுப்பகுதி மட்டும் ஏன் வெளுத்திருக்கிறது என்பதற்கு அந்த வாதத்தில் விடை இல்லை.

பென்சில் குறிப்புகள் இன்னும் வெளிப்படையானவை. என்னிடம் உள்ள ஒரு திகில் நாவலின் ஓரத்தில் “கொலைகாரன் டாக்டர்” என்று யாரோ எழுதி, அடுத்து வருபவரின் சுவையைக் கெடுத்திருக்கிறார். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து “நம்பாதே, கடைசி வரை படி” என்கிறது. மற்றொன்றில், இரண்டு பக்கம் நீளும் பங்களா வர்ணனைக்கு எதிரே “தள்ளிவிட்டுப் படிக்கவும்” என்று இருக்கிறது. அந்த ஆலோசனை மிகச் சரியானது என்பதைப் படித்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். தடித்த நாவல்களில் உரிமையாளரின் பெயரும் தேதியும் இருக்கும், சிலவற்றில் ‘அன்பளிப்பு’ என்று இருக்கும். சண்டை இருக்காது.

குற்றம் முழுவதையும் வாசகர் தலையில் கட்டுவதற்கில்லை. நாம் இன்று ஒரே மூச்சில் விழுங்கப் பார்க்கும் நீண்ட நாவல்களில் பல, தவணையில் படிப்பதற்கென்றே எழுதப்பட்டவை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் வந்தது. 5 பாகங்களில் 293 அத்தியாயங்கள். ஒரு முகம் நிழலில் தெரிந்து மறைவது, சுரங்கக் கதவு மூடிக்கொள்வது என்று அத்தியாயம் முடிந்தால், அன்றைய வாசகருக்கு அதைப் பற்றித் திண்ணையில் வாதிட ஒரு வாரம் கிடைத்தது. கோடை விடுமுறையில் பாகம் பாகமாகக் கவிழ்க்கும் இன்றைய வாசகருக்கோ அந்தக் கொக்கிகள் அரைமணிக்கு ஒன்றாக வந்து விழுகின்றன. நான்காம் பாகத்துக்குள் அவருக்கு அலுப்புத் தட்டினால் அது ரசனைக் குறைவு ஆகாது. தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலும் 1866-இல் இதழ் ஒன்றில் பகுதி பகுதியாக வந்ததுதான்.

அந்தத் தொடர்கதைக் காலத்து வாசகர்கள் தங்கள் அதிருப்தியை மறைத்துக்கொள்ளவும் இல்லை. கதை சட்டென்று முடிந்துவிட்டது, இன்னார் என்ன ஆனார், இதற்கு விடை என்ன என்று கேட்டவர்களுக்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்காலத்தை விளக்க வேண்டியிருந்தது. அந்த நாவலை இன்று முடிப்பவர்களும் ஆதித்த கரிகாலன் கொலையில் தெளிவு போதவில்லை என்று மனத்துக்குள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எழுதும்போது வந்தியத்தேவனின் குறும்பைப் பாராட்டி முடித்துவிடுகிறார்கள். அன்றைய வாசகருக்கு அது அடுத்த இதழை எதிர்பார்க்கவைத்த ஒரு தொடர்கதை என்பதால், அதனோடு சண்டை போட அவருக்கு உரிமை இருந்தது. அதைப் பேரிலக்கியம் என்று பீடத்தில் ஏற்றியபோது நாம் அந்த உரிமையைக் கைகழுவிவிட்டோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேய்க்கதையைத் தாழ்வாக நினைக்கும் நம் மனம், பேரிலக்கியத்துக்குள் பேய் வந்தால் அதைக் கவனிக்காதது போல் கடந்துவிடுகிறது. ‘பொன்னியின் செல்வ’னில் கோடிக்கரைச் சதுப்பு நிலத்தில் எரிந்து அணையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று பூங்குழலி சொல்லும் இடத்தை விடச் சிறந்த திகில் காட்சிகள் தமிழில் அதிகம் இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வரும் வழியில், காட்டுப் பொய்கைக்குத் தண்ணீருக்காகப் போகும் கோவலன் முன் கானுறை தெய்வம் மாதவியின் தோழி வயந்தமாலையின் வடிவில் வந்து அழுகிறது. அவனுக்கு ஐயம் எழுந்து மந்திரத்தைச் சொன்னதும் உண்மையை ஒப்புக்கொண்டு, கண்ணகியிடமும் கவுந்தியடிகளிடமும் இதைச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு மறைகிறது. அந்தக் கடைசி வேண்டுகோள்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆளை மயக்க வந்த தெய்வத்துக்கும் பெண்கள் இருவர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் இருக்கிறது.

தஸ்தயேவ்ஸ்கிக்கும் இதே கதிதான். ‘குற்றமும் தண்டனையும்’ நம் ஊருக்கு ஒருவகையில் நெருக்கமான புத்தகம்; மதுரை பாத்திமா கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்த எம். ஏ. சுசீலா அதைத் தமிழாக்கியிருக்கிறார், ‘அசடன்’ நாவலையும் அவரே கொண்டுவந்தார். படிக்கத் தொடங்கிய பலரும் முதலில் முறையிடுவது ருஷ்யப் பெயர்களைப் பற்றித்தான். ஒரே ஆளை மூன்று விதமாக அழைக்கிறார்கள் என்று அட்டையின் உட்புறத்தில் பெயர்ப் பட்டியல் போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அது நியாயமான முறையீடு, நல்ல வாசகரின் உழைப்பும்கூட. ஆனால் கொலை நடந்து முடிவது 6 பாகங்களில் முதல் பாகத்திலேயே. மீதி முழுவதும் பயம் ஒன்றையே நம்பி நகர்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. ஸ்விட்ரிகைலோவ் என்பவன் செத்துப்போன தன் மனைவி மூன்று முறை வந்து போனதாகச் சொல்கிறான். பழிவாங்கவோ மிரட்டவோ அவள் வருவதில்லை. சாப்பாட்டு அறைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டாயே என்று நினைவூட்டுகிறாள். திருமணமானவர்களுக்கு இந்தப் பேய் உடனே புரியும். இந்த இடத்தைப் படித்துச் சிரித்தேன் என்று எழுதும் ஒரு வாசகரை, நாவலின் ‘ஆன்மிகத் தேடல்’ பற்றி எழுதும் பத்துப் பேரை விட நான் நம்புவேன்.

எளிய திகில் கதைகளின் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனை எடுத்துக்கொள்வோம். 1990-களில் தொலைக்காட்சியில் ‘மர்மதேசம்’ வரிசையில் அவருடைய ‘விடாது கருப்பு’ ஒளிபரப்பானபோது, குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் பேச்சு நின்றுவிட்டதை அந்தத் தலைமுறை இன்னமும் சொல்லும். நம் பக்கத்து வாசகர்களின் எதிர்வினையில் நான் கவனித்தது வேறொன்று. பேய் உண்டா இல்லையா என்று அவர்கள் அதிகம் கேட்பதில்லை. அடிபட்டவன் அதற்குத் தகுந்தவன்தானா என்றுதான் கேட்கிறார்கள். அழகர்கோவிலில் உருவம் இல்லாமல், சாத்திய கதவுக்கே சந்தனம் சாத்தி வணங்கப்படும் பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய இன்றும் கால் நடுங்குகிறவர்கள் வாழும் பகுதி இது. இங்கே பயம் என்பது இருட்டைப் பற்றியது மட்டும் இல்லை, கணக்குத் தீர்க்கப்படுவதைப் பற்றியது. ஆகவே தப்புச் செய்யாத ஒருத்தி சும்மா பலியாகும் பேய்க்கதை, மற்ற ஊர்களில் எப்படியோ, மதுரை வாசகரிடம் எடுபடுவதில்லை. “அந்தப் பிள்ளை என்ன பாவம் செஞ்சுச்சு?” என்று புத்தகத்தை வைத்துவிடுகிறார்.

இந்த வகைக் கதைகளோடு எனக்குள்ள வழக்கு கடைசி அத்தியாயத்தைப் பற்றியது. அதுவரை சலங்கைச் சத்தமும் சாம்பிராணிப் புகையுமாகப் போன கதை, முடிவில் சொத்துக்கு ஆசைப்பட்ட உறவினரின் ஏற்பாடாகவோ மனநோயாகவோ சுருங்கி, ஒரு போலீஸ் அதிகாரியோ மருத்துவரோ மூன்று பக்கத்துக்கு விளக்கம் சொல்வதில் போய் முடிகிறது. புதுமைப்பித்தன் 1943-லேயே ‘காஞ்சனை’யில் இதற்கு மாற்று வழி காட்டிவிட்டார். வீட்டுக்கு வேலைக்காரியாக வந்தவள் யார், நடு இரவில் வந்த பிணவாடை எதனால் என்பதைக் கதை தீர்த்துவைப்பதில்லை. அதைப் படித்துவிட்டு “முடிவே இல்லையே” என்று கோபப்படுகிற வாசகர்கள் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை என்றாலும், அந்தக் கோபம் கதையைக் கடைசி வரி வரைக்கும் படித்தவரின் கோபம். ‘புதுமைப்பித்தன் ஒரு மேதை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவரிடம் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

நான் மதிக்கும் மூத்த நண்பர் ஒருவர், பெரிய நாவலில் அலுப்பும் ஒரு பகுதி, அதைத் தாங்கினால்தான் உச்சம் உறைக்கும் என்பார். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த அலுப்பு உச்சத்துக்குப் படியாக இருந்தது, எந்த அலுப்பு வெறும் அலுப்பு என்று பிரித்துச் சொல்வதும் வாசகரின் வேலைதான். அதை அவரும் செய்வதில்லை.

சொல்லிவிட்டு நான் நழுவக் கூடாது என்பதால், மதுரையைப் பற்றிய பெரிய நாவலான ‘காவல் கோட்ட’த்தையே எடுத்துக்கொள்கிறேன். சு. வெங்கடேசன் எழுதி 2008-இல் வெளிவந்து, 2011-க்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற, ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நூல். தொடக்கத்தில் படையெடுப்புகளும் விஜயநகர, நாயக்கர் ஆட்சி மாற்றங்களும் அடுத்தடுத்து வரும் பகுதியில் பெயர்கள் என் பிடியில் நிற்கவில்லை; ஒரு மனிதர் மனத்தில் ஒட்டுவதற்குள் அடுத்த ஆட்சி வந்துவிடுகிறது. தாதனூர்க் கள்ளர்கள் இருட்டில் வழி அறிவதும், சுவரைத் துளைத்துக் கன்னம் வைப்பதும், சத்தத்தைக் கொண்டு ஆளைக் கணிப்பதும் வரும் பகுதிகளைத் தூக்கத்தைத் தள்ளிவைத்துப் படித்தேன்; எந்தத் திகில் நாவலும் எனக்கு அவ்வளவு இறுக்கத்தைத் தந்ததில்லை. வெள்ளைக்காரக் கலெக்டர் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்படும்போது அதன் காவல் தெய்வங்கள் இறங்கிப்போகும் கட்டத்தில், இது வரலாற்று நாவலா அமானுஷ்யக் கதையா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. அதைப் படித்த பிறகு, அந்த இடிப்போடு தொடர்புள்ள பெயர்களைத் தாங்கிய பெருமாள் மேஸ்திரி வீதியிலும் மாரட் வீதியிலும் நடப்பது எனக்கு முன்போல் இல்லை. இன்னொரு முறை படித்தால் தொடக்கப் பகுதியைத் தாண்டித் தாதனூரிலிருந்தே தொடங்குவேன், புதிதாகப் படிப்பவருக்கும் அதையே சொல்வேன். ஆட்சேபம் உள்ளவர்கள் பக்க எண்ணோடு வரவும்.