நாய் முடியைப் பார்த்துப் பயப்படுகிறோம், பயப்பட வேண்டியது வேறு

நாய் வளர்க்கலாமா என்று பேச்செடுத்தாலே, "முடி வயித்துக்குள்ள போனா ஆபத்தாமே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். விழுங்கிய முடி மலத்தோடு வெளியே போய்விடும். ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலும் மூச்சிரைப்பும் வரலாம். அது வேறு விஷயம். ஆபத்தான நோய்கள் பெரும்பாலும் வருவது எச்சிலிலும் சிறுநீரிலும் மலத்திலும். அந்த மூன்றையும்தான் நாம் கண்டுகொள்வதே இல்லை.

முதலில் எச்சிலில் வரும் ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய். அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. "நம்ம வீட்டு நாய்தானே, பல்லு லேசா பட்டிருக்கு" என்று விட்டுவிடும் பழக்கம் எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது. பல் பட்டாலும், நகம் கீறினாலும், புண்ணை நக்கினாலும் செய்ய வேண்டியது ஒன்றே: சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நினைப்பதைவிட நீளமானது. பிறகு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற, தயாராக இருக்கும் எதிர்ப்புப் பொருளும் வேண்டும். அதைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் போடுவார்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை அங்கேயே வைரஸை மடக்கி வைப்பது அதுதான். நாயை 10 நாள் கவனிப்பது சரிதான், ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. பெரும்பாலான அட்டவணைகள் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7ஆம் நாள் என்று தொடங்கும். நாய் நன்றாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்துவதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், மருத்துவர் சொல்லட்டும்.

அடுத்தது மலம். குட்டிகள் பெரும்பாலும் தாய் வயிற்றிலிருந்தே உருண்டைப்புழுவோடு பிறக்கின்றன. அதனால் 2 வாரத்தில் குடற்புழு மருந்தைத் தொடங்கி, 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் 3 மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது நல்லது. தாய்க்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். எடை போட்டுப் பார்க்காமல் குத்துமதிப்பாகக் கொடுத்தால் அளவு குறைந்து புழு தங்கிவிடும்.

இந்தப் புழுவின் முட்டை புது மலத்தில் இருக்கும்போது தொற்றாது. மண்ணில் 2 முதல் 4 வாரம் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். தினமும் மலத்தை அள்ளி அப்புறப்படுத்தச் சொல்வது இதனால்தான். கிருமிநாசினி ஊற்றிவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள், முட்டையின் தடித்த ஓட்டை அது துளைக்காது. மண்ணில் விளையாடிய கையைக் குழந்தை வாயில் வைத்தால் புழுவின் இளம்பருவம் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போகும். கண்ணுக்குப் போனால் பார்வையே பறிபோகலாம். கொக்கிப்புழுவுக்கு வாய்கூடத் தேவையில்லை. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோலைத் துளைத்து, நெளிநெளியான சிவந்த கோடாகத் தெரியும்.

சிறுநீரில் பரவுவது எலிக்காய்ச்சல். நோயிலிருந்து தேறிய நாயும் சில காலம் கிருமியைக் கழித்துக்கொண்டே இருக்கலாம். கையுறை போட்டுத் துடையுங்கள், ப்ளீச்சிங் கரைசல் ஊற்றுங்கள், தரையைக் காயவிடுங்கள். குழாயை வேகமாக அடித்துக் கழுவினால் திவலை கண்ணிலும் வாயிலும் தெறிக்கும். நாய்க்கு முதலில் 2 ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. அந்தத் தடுப்பூசி எல்லா வகைக் கிருமியையும் தடுப்பதில்லை என்பதால் கையுறையை விட்டுவிட முடியாது.

படர்தாமரை, சொறி, தெள்ளுப்பூச்சி வழி வரும் நாடாப்புழு எல்லாம் தொல்லை, ஆனால் சரிசெய்யக் கூடியவை. படர்தாமரையில் மட்டும் ஸ்டீராய்டு களிம்பு தடவாதீர்கள். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நாயின் வாயில் இயல்பாக இருக்கும் ஒரு பாக்டீரியா அவர்கள் இரத்தத்தில் வெகுவேகமாகப் பரவும். சிறு கடிக்கும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்களும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, காரணம் தெரியாத தடிப்பு என்று போகும்போது வீட்டில் நாய் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். எந்தப் பரிசோதனை எழுத வேண்டும் என்பது பல நேரம் அந்த ஒரு தகவலில்தான் இருக்கிறது.