பிறந்தநாள் சாப்பாடும் வேன் டயரும்

போன வாரம் ஒரு நண்பர் போன் செய்தார். மகனுக்கு முதல் பிறந்தநாளாம். "உங்க அண்ணன் போற ஸ்கூல்ல ஒருநாள் சாப்பாடு போட்டுருவோம், பிரியாணியாவே போட்டுருவோம்" என்றார். நல்ல மனுஷன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன், மற்றவர்களும் படிக்கட்டும்.

என் அண்ணனுக்கு 41 வயது. அறிவுத்திறன் குறைபாடு. (டிஸ்லெக்ஸியா என்கிற கற்றல் குறைபாடு வேறு, இது வேறு. "'தாரே ஜமீன் பர்' படத்துல வர்ற பையன் மாதிரியா?" என்று கேட்பவர்களுக்காக இந்த அடைப்புக்குறி.) அப்புறம், தயவுசெய்து "தெய்வக் குழந்தை" என்று சொல்லாதீர்கள். அவனுக்கு மீசையே நரைக்கத் தொடங்கிவிட்டது.

அவன் போவது ஸ்கூலும் இல்லை. சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட் நடத்துகிற பகல் நேர மையம். ஒரு வாடகை வீடு, பின்னால் ஷீட் போட்ட கூடம், ஒரு பழைய வேன். இப்படிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஆரம்பித்தது. கொஞ்ச தூரத்தில் ஆய்க்குடியில் 1981லேயே அமர் சேவா சங்கம் வந்துவிட்டது. கடற்படைக்கு ஆள் எடுக்கும் தேர்வின்போது கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன ராமகிருஷ்ணன் ஆரம்பித்தது. அப்பாவுக்கும் அது தெரியும். ஆனாலும் அண்ணனை எங்கேயும் அனுப்பவில்லை. நாலு பேர் பார்ப்பார்களே என்ற நினைப்பு. 33 வயது வரைக்கும் அவன் பார்த்த உலகம் எங்கள் வீட்டுத் திண்ணையும் எதிர்வீட்டு வேப்பமரமும்தான்.

இப்போது அவன் மெடிக்கல் கடைகளுக்கு மாத்திரைக் கவர் ஒட்டுகிறான். ஒட்டுவது சீக்கிரம் வந்துவிட்டது, எண்ணுவதுதான் வரவில்லை. மூணுக்கு மேல் போனால் குழம்பிவிடுவான். அங்கே இருக்கிற டீச்சர் ஒரு பலகையில் பத்து ஆணி அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கவரைக் குத்த வேண்டும். ஓர் ஆணியும் காலியாக இல்லையென்றால் கட்டு நிறைந்தது, எடுத்து ரப்பர் பேண்ட் போட வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் எண்ணவே வேண்டாம். எத்தனையோ வருடம் "ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லு" என்று அவன் தலையில் குட்டிக்கொண்டிருந்த வீடு எங்களுடையது. அந்தப் பலகையை முதல் தடவை பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

இதில் அம்மாவுக்கு என்ன லாபம் என்று கேட்டால், காலை ஒன்பதரையிலிருந்து மாலை மூன்றரை வரை ஆறு மணி நேரம். 68 வயதில் பகலில் படுத்துத் தூங்குகிறாள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். முன்பெல்லாம் மண்டப வாசலோடு மொய் எழுதிவிட்டு ஓடி வந்துவிடுவாள்.

அப்பா இறந்த பிறகு அண்ணன் பெயரில் ஒரு கணக்கு தொடங்க ஒரு வங்கிக்குப் போனோம். "இவர் மேஜர், நீங்க கையெழுத்துப் போட முடியாது, கார்டியன் சர்டிபிகேட் இருக்கா?" என்றார்கள். பெற்றவளிடம் கேட்கிறார்கள்! ஆனால் சட்டம் அதுதான். 18 வயது முடிந்துவிட்டால் தாயும் தானாகக் கார்டியன் ஆகிவிட முடியாது. 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் இருக்கிற உள்ளூர்க் குழுவுக்கு மனுப் போட்டு வாங்க வேண்டும். மனுவை எழுதியது, போட்டோ ஒட்டியது, கலெக்டர் ஆபீசுக்கு மூன்று தடவை கூட வந்தது எல்லாம் அந்த டிரஸ்டில் வேலை பார்க்கிற பெண்தான். மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கும், வருடத்துக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கிற நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் அவர்தான் அலைந்தார். அரசாங்கத்தில் திட்டம் இல்லாமல் இல்லை. அந்தக் காகிதத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நடந்து போக ஓர் ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆள் அவர்தான். அவருடைய சம்பளம் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிற பெண்ணின் சம்பளத்தைவிடக் குறைவு.

இனி பிரியாணி விஷயத்துக்கு வருகிறேன். மையத்தின் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. அமாவாசை, ஆகஸ்ட் 15, கல்யாண நாள், நினைவு நாள் என்று சாப்பாட்டுக்குப் பெயர் எழுதியிருக்கும். சில நாட்களுக்கு இரண்டு பெயர். வருகிறவர்கள் கேக் வெட்டுவார்கள், எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் கைதட்டிப் பாடச் சொல்வார்கள், போட்டோ எடுப்பார்கள். வலிப்பு மாத்திரை போடுகிற பிள்ளைகள் வயிறு முட்டத் தின்றுவிட்டு மதியம் முழுக்கச் சுருண்டு கிடக்கும். மெல்லத் தெரியாத ஒரு பையனுக்கு எலும்புத்துண்டு தொண்டையில் மாட்டி டீச்சர் பதறிப்போனார். என் அண்ணனுக்குச் சர்க்கரை. கேக் வந்தால் ஒளித்து வைத்துத் தின்பான்.

அந்தக் காலண்டரில் டீச்சர் சம்பளம் என்று யாரும் எழுதியதில்லை. வாடகை என்று எழுதியதில்லை. போன வருடம் வேன் எஃப்சிக்கு, அதாவது ஓடத் தகுதியானது என்ற சான்றிதழுக்கு, போனது. டிங்கரிங், பெயிண்ட், இன்சூரன்ஸ் என்று செலவு ஏறி, பணம் புரட்ட 12 நாள் ஆனது. அந்த 12 நாளும் பிள்ளைகள் வீட்டில். பீடி சுற்றுகிற ஓர் அம்மாவுக்கு அந்த நாட்களில் பாதிக் கூலிகூட வரவில்லை. என் அண்ணன் தினமும் ஒன்பது மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தான். "இன்னைக்கு வேன் வராதுய்யா" என்று அம்மா சொல்லச் சொல்ல, மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

இவ்வளவு பேசுகிற நானும் யோக்கியம் இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அண்ணனை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. கல்யாணம் நிச்சயமான பிறகுதான் என் கணவருக்கு இப்படி ஓர் அண்ணன் இருக்கிறான் என்றே தெரியும். பிள்ளைகளின் கூடப்பிறந்தவர்களை மட்டும் உட்காரவைத்து மையத்தில் ஒருமுறை பேசினார்கள். முதல் அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு தம்பி, "எங்க அம்மாவுக்கு அப்புறம் நான்தானே?" என்று கேட்டான். பதிலுக்காகக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

பிரியாணிக்குப் பதிலாக நண்பருக்கு என்ன சொல்வது என்று மையத்திலேயே கேட்டுவிடலாம் என்று நேற்றுப் போனேன். மையத்தைப் பார்த்துக்கொள்கிற மேடம் ஊரில் இல்லை. வேன் ஓட்டுகிற அண்ணாச்சி வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பிரியாணிக்கு எவ்வளவும்மா ஆகும்?"

சொன்னேன். அவர் வேனைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தார்.

"முன் டயர் ரெண்டும் வழுக்கையாக் கெடக்கு. அந்தப் பணத்துக்கு ஒண்ணு வரும். இன்னொண்ணுக்கு யாருக்காவது பிறந்தநாள் வருதான்னு பாருங்க."